அளவையும் அறமும்

'அளவை' என்னும் சொல் தமிழில் இருவகைப் பொருளில் வழங்கிவருவதை நாம் அறிவோம். நாழியும் உழக்கும் முகத்தலளவை. முழமும் கோலும் நீட்டலளவை. இவை ஒருபுறம் இருக்க, ஒரு பொருள் இத்தன்மையது என்று துணிவதற்குக் கருவியாக நிற்கும் காட்சி, கருதல், உரை ஆகியவற்றையும் நம் முன்னோர் அளவை என்றே அழைத்தனர். நெல்லை அளப்பதற்கும் உண்மையை அளப்பதற்கும் ஒரே சொல்லை ஆண்ட மொழி, அவ்விரண்டுக்குமிடையே ஏதோ ஓர் உறவைக் கண்டிருத்தல் வேண்டும். அவ்வுறவு இந்நாளில் நம் பிள்ளைகளின் வாழ்வில் எத்தகைய சிக்கலை விளைவிக்கிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை பல்வேறு சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறியும் காதை ஒன்று உண்டு. அச்சமயத்தாரைச் 'சமயக் கணக்கர்' என்று அக்காதை குறிப்பது நம் பொருளுக்கு எத்துணைப் பொருத்தம்! அவருள் முதற்கண் பேசுபவன் அளவைவாதி. கருதலளவையை அவன் மூன்றாகப் பகுக்கின்றான். கானகத்தே பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டு என உணர்வது ஒருவகை. ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேற்றலையில் மழை பெய்தது எனத் துணிவது மற்றொருவகை. சூல்கொண்ட முகிலைக் கண்டு இது மழை பொழியும் என முன்னரே கூறுவது மூன்றாம்வகை. இம்மூன்றாவதற்கு 'முதல்' என்று பெயர். காரணத்தைக் கண்டு காரியத்தைக் கூறுதலின் அப்பெயர் பெற்றது. இன்றைய புள்ளியியலும் கணிப்பொறியும் செய்கின்ற முன்கணிப்பு அனைத்தும் இம்மூன்றாம் வகையினவே.

நம்மவர் இதனை ஏட்டுத் தருக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழக் கணக்கு ஒன்று உண்டு. பாட்டன்மார் பேரப்பிள்ளைகளை மடக்குவதற்குக் கேட்கும் கணக்கு அது. பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளிருக்கும் சுளைகளின் தொகை கிடைத்துவிடும் என்பது விதி. முள் 100 எனின் சுளை 120. பழத்தைப் பிளக்காமலே அறியலாம் என்பது நூலாசிரியரின் துணிவு. விதி எத்துணைப் பழங்களுக்குப் பொருந்தும் என்பதை நாம் இங்கு வாதிட வேண்டுவதில்லை. பழத்தை அரிந்து எண்ணியபோது 97 சுளைகளே இருந்தன என்றால் நாம் என்ன செய்வோம்? விதி சற்றுப் பிழைத்தது என்போம். பழம் பிழை செய்தது என்று எவரும் சொல்லார். மறுதலையாக, 140 சுளைகள் இருக்கக் கண்டால், விதிக்கு மிஞ்சிய இருபதைக் குப்பையில் எறிவாரும் இலர். பலாப்பழத்துக்குக் கிடைக்கும் இந்த நீதி மனிதப் பிள்ளைக்கு எப்போதும் கிடைத்துவிடுவதில்லை.

கணிதத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. உலகியற் சிக்கல்களுக்குக் கணிதத்தைப் பயன்படுத்துவதால் விளைந்த நன்மைக்கு, நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே ஓர் அரிய சான்று உண்டு. 1947ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற சிறிது காலத்துக்குள் மூண்ட கலவரத்தில், சிறுபான்மையினர் பெருந்திரளாகச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். சிறுதொகையினர் உமாயூன் கல்லறைத் தோட்டத்தில் தங்கினர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை அரசு ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் என்பது எவருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. செலவு மலைபோல் ஏறவே, புள்ளியியலாரை அழைத்தனர். கோட்டைக்குள் சென்று தலைகளை எண்ண வழியில்லை. அவர்கள் கையில் இருந்தவை, வாங்கியதாகக் காட்டப்பட்ட அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவுகள் மட்டுமே. ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உண்பார் என்பதை முந்தைய ஆய்வுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பொருளின் அளவையும் அதனதன் தலைவீதத்தால் வகுத்தனர். அரிசிக் கணக்கு ஒரு பெருந்தொகையைக் காட்டிற்று. உப்புக் கணக்கோ மிகச் சிறுதொகையைக் காட்டிற்று. உப்பு விலை மலிந்த பொருள். அதைக் கூட்டி எழுதுவதால் பெரிய ஆதாயம் இல்லை. ஆகவே உப்பே உண்மை பேசும் என்று கொண்டனர். இம்முறையைக் கண்டவர் சென்குப்தா என்னும் புள்ளியியலார். உமாயூன் கல்லறைத் தோட்டத்துக்குக் கிடைத்த வேறு கணக்கோடு ஒப்பிட்டபோது இது பொருந்தியும் இருந்தது. சி. ஆர். ராவ் தம் 'புள்ளியியலும் உண்மையும்' என்னும் ஆங்கில நூலில் இதனைச் சுவைபடக் கூறுகின்றார்.

உப்பைக் கொண்டு மாந்தரை எண்ணிய இந்நிகழ்ச்சியை நாம் போற்றுகின்றோம். ஏன்? உள்ளிருந்த எவரையும் நோக்கி, 'நீ இவ்வளவு உப்பு உண்பவன். இதற்குமேல் உனக்கில்லை' என்று அக்கணக்கு பேசவில்லை. ஒருவர் மிகுதியாக உண்பார், ஒருவர் குறைவாக உண்பார். தொகையில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்யும். பலரிடமிருந்து எடுக்கப்பட்ட எண் பலரைப் பற்றியதாகவே நின்றது. வங்காளத்தில் மகலனோபிசு சணற்பயிர்ப் பரப்பைக் கணிக்க நடத்திய மாதிரி ஆய்வுகளும், 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இவ்வகையினவே. ஒரு வயலின் விளைச்சலைத் தவறாக மதிப்பிட்டாலும் அவ்வயலுக்குரியவன் அதனால் ஒன்றும் இழப்பதில்லை.

சிக்கல் எழும் இடம் வேறு. பலரிடமிருந்து பெற்ற எண்ணை எடுத்து ஒருவர் கையில் கொடுத்து, 'இதுவே நீ' என்று சொல்லும்போது அது எழுகின்றது.

இப்பழக்கத்தின் வேரைத் தேடினால் பெல்சிய நாட்டு வானநூலார் அடால்ப் கெட்லேயிடம் சென்று சேர்வோம். வானநூலார் ஒரு விண்மீனின் நிலையைப் பன்முறை அளப்பர். ஒவ்வோர் அளவும் சிறிது வேறுபடும். விண்மீன் ஒன்றே; வேறுபாடுகள் கருவியின் குறையாலும் கண்ணின் குறையாலும் நேர்ந்தவை. ஆதலின் அளவுகளின் சராசரியே விண்மீனின் உண்மை நிலைக்கு அண்மையது என்று கொள்வர். இதிற் குற்றமில்லை. கெட்லே இம்முறையை மனிதர்மேல் ஏற்றினார். 1835இல் வெளியான தம் நூலில் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை உலகுக்கு அளித்தார். படைவீரரின் மார்புச் சுற்றளவு முதலியவற்றைத் தொகுத்து, அவற்றின் சராசரியை மனித இனத்தின் மையமாகவும் சிறந்த வடிவாகவும் கண்டார். அதிலிருந்து விலகியோர் இயற்கையின் பிழைகளைப் போல் ஆயினர். விண்மீன் பல அளவுகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பொருள். ஆயிரம் படைவீரருக்குப் பின்னால் அப்படி ஓர் உண்மை வீரன் எங்கே நிற்கின்றான்? ஆயிரவரும் ஆயிரம் உண்மைகள் அல்லரோ? அவ்வினாவை அக்காலத்தார் சிலர் எழுப்பியும், சராசரி மனிதன் அரசு அலுவலகங்களில் குடிபுகுந்து இன்றுவரை நலமாகவே வாழ்கின்றான்.

இனி நம் பிள்ளைகளின் தேர்வுக்கு வருவோம். மதிப்பெண் என்னும் சொல் தலைநகரத் தமிழர் இல்லங்களில் எழுப்பும் நடுக்கத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றின் காரணமாகப் பல நாடுகளில் தேர்வே நடைபெறாது போயிற்று. தேர்வு இல்லை, மதிப்பெண்ணோ வேண்டும், பல்கலைக்கழகக் கதவுகள் அதைக் கேட்டு நிற்கின்றன. அப்போது கருதலளவை காட்சியளவையின் இருக்கையில் ஏறி அமர்ந்தது. இதன் தெளிவான வடிவம் இங்கிலாந்தில் வெளிப்பட்டதால் அந்நாட்டை முதலில் நோக்குவோம்.

2020 மார்ச்சில் அங்கே பள்ளியிறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டன. ஒவ்வொரு மாணவரும் எத்தரம் பெற்றிருப்பார் என்பதை ஆசிரியர்கள் மதிப்பிட்டு எழுதினர். ஒவ்வொரு பாடத்திலும் மாணவரை முதல்வர் தொடங்கிக் கடைசியர் வரை வரிசைப்படுத்தியும் கொடுத்தனர். ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பிடுவர், அதனால் தரத்தின் மதிப்புக் குலையும் என்று தேர்வு ஒழுங்குமுறை ஆணையம் அஞ்சிற்று. அவ்வச்சத்துக்குத் தீர்வாகக் கணிப்பொறி நெறி ஒன்றை வகுத்தது. சென்ற மூன்றாண்டுகளில் அப்பள்ளி அப்பாடத்தில் எத்தனை பேருக்கு எத்தரம் பெற்றுத் தந்தது என்ற பரவலை எடுத்துக்கொண்டது; இவ்வாண்டு மாணவர் குழுவின் முந்தைய தேர்ச்சியைக் கொண்டு அப்பரவலைச் சிறிது திருத்தியது; ஆசிரியர் கொடுத்த வரிசையின்படி அத்தரங்களை மேலிருந்து கீழாகப் பங்கிட்டது. பெரிய வகுப்புகளைப் பொறுத்தவரை, ஆசிரியரின் மதிப்பீடு ஏறக்குறைய ஏட்டோடு நின்றுவிட்டது. ஐந்து பேருக்கு மேற்படாத சிறு வகுப்புகளுக்கு மட்டும் அது அப்படியே ஏற்கப்பட்டது. அத்தகைய தொகைக்குப் பரவல் என்று ஒன்றைக் கணக்கிட இயலாது என்பது கணித நியாயம். சிறு வகுப்புகள் எங்கே மிகுதி? கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளில். கணித நியாயம் ஒன்று, எவரும் கருதாமலே, செல்வர்க்குச் சலுகையாக முடிந்தது.

ஆகஸ்டு 13ஆம் நாள் முடிவுகள் வெளியாயின. ஆசிரியர் கொடுத்த தரங்களில் 100க்கு 39 குறைக்கப்பட்டிருந்தன. 'ஏ' தரமும் அதற்கு மேலும் பெற்றோர் தனியார் பள்ளிகளில் 4.7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தனர். அரசு சார்ந்த மேனிலைக் கல்லூரிகளில் உயர்வு 0.3 மட்டுமே. சிலநாள் முன்னர், ஆகஸ்டு 4இல், ஸ்காட்லாந்திலும் இதுபோன்ற முறையால் ஏறத்தாழ 1,25,000 தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. அங்கும் 'ஹையர்' தேர்வில் மிக வறிய பகுதிகளின் தேர்ச்சி வீதம் 15.2 புள்ளிகள் இறங்க, மிகச் செழித்த பகுதிகளில் 6.9 புள்ளிகளே இறங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். அமைச்சரையும் ஆசிரியரையும் விடுத்து ஒரு கணக்கு நெறியை நோக்கி இளைஞர் கண்டன முழக்கம் எழுப்பியதை உலகம் அப்போதுதான் பெரிய அளவில் கண்டது. ஸ்காட்லாந்து ஆகஸ்டு 11லும், இங்கிலாந்து ஆகஸ்டு 17லும் அம்முறையைக் கைவிட்டு ஆசிரியர் தரங்களுக்குத் திரும்பின. அந்நாட்டுத் தலைமையமைச்சர் அம்மாத இறுதியில் பள்ளி மாணவரிடையே பேசுகையில், அக்கணக்கு நெறி திரிபடைந்துவிட்டது என்னும் பொருள்படச் சொன்னார். நாம் அதை ஏற்பதற்கில்லை. நெறி திரியவே இல்லை. தரங்களின் மொத்தப் பரவல் முந்தைய ஆண்டுகளைப் போலிருக்க வேண்டும் என்று அதனைப் பணித்தனர். பணித்ததை அது சிறிதும் பிசகாமல் செய்து முடித்தது.

அந்நெறியின் உள்ளே நின்று பார்ப்போம். மூன்றாண்டுகளாக ஒரு பள்ளியில் இயற்பியலில் முதல்தரம் பெற்றவர் எவருமில்லை. இவ்வாண்டு அப்பள்ளியின் முதல் மாணவி எத்துணைக் கூர்மையுடையவளாயினும் அவளுக்கு அத்தரம் கிட்டுவது அரிதினும் அரிது. ஏனெனில் பங்கிடுவதற்கு அத்தரமே அங்கில்லை. மறுபுறம், ஆண்டுதோறும் ஒருவர் தேறாமற்போன பள்ளியில், வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளை தேறாதவன் ஆகின்றான். அவன் எழுதாத தேர்வில் தோற்றவன். எழுதியிருந்தாலும் தோற்றிருப்பான் என்று வாதிடலாம். ஒருகால் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், செய்யாத செயலுக்குப் பயனை ஒருவன்மேல் ஏற்றுவதை எந்த அறநூலும் ஒப்புமா? வினையும் பயனும் ஒருவனையே சாரும் என்று நம்புகின்ற மரபில் வந்த நமக்கு இது எளிதில் செரிக்கத்தக்கதன்று.

இவ்விடத்தே மணிமேகலையின் இன்னொரு பகுதி நமக்கு விளக்காகின்றது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் உணர்த்துகையில், மலையில் நெருப்புண்டு என்று நிறுவும் பழைய எடுத்துக்காட்டை விரிக்கின்றார். மலையைப் பற்றிய கூற்று பக்கம்; புகை ஏது; புகையும் நெருப்பும் ஒருங்கே காணப்படும் அடுக்களை திட்டாந்தம். இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஏதுவாகிய புகை, எம்மலையைப் பற்றிப் பேசுகின்றோமோ அம்மலையிலேயே இருத்தல் வேண்டும். அடுக்களை, புகைக்கும் நெருப்புக்குமுள்ள உறவை விளக்கலாம். அடுக்களையில் எழுந்த புகையைக் காட்டி மலையில் நெருப்புண்டு என்று முடித்தல் ஆகாது. ஏது பக்கத்தைச் சாராவிடில் அது போலி. இங்கிலாந்தின் கணக்கு நெறி, அம்மாணவியின் மூத்தோர் 2017 முதல் 2019 வரை எழுப்பிய புகையைக் கொண்டு 2020இல் அவளிடத்து நெருப்புண்டா இல்லையா என்று முடிவுகட்டிற்று. கணக்கில் பிழையில்லை, கருதலில் ஏதுப்போலி இருந்தது. பெருக்கலும் வகுத்தலும் சரியாயிருந்தால் விடையும் சரி என்று எண்ணும் நம் காலத்துப் பழக்கத்துக்கு, இப்பிழை கண்ணில் படுவதே அருமை.

இதற்கு வலிய தடை ஒன்று எழும். தேர்வு மட்டும் என்ன? மூன்று மணி நேரத்தில் எழுதிய சில தாள்களைக் கொண்டு ஒருவரின் அறிவைத் துணிவதும் கருதல்தானே? மெய்தான். எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் 1888இலேயே, திருத்துபவர் மாறினால் மதிப்பெண் மாறும் என்பதைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்து, தேர்வு முடிவில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டார். கட்டுரை எழுதும் பாடங்களில் இவ்வேறுபாடு மிகுதி, கணிதத்தில் குறைவு என்பது விடைத்தாள் திருத்தியோர் அனைவரும் அறிந்ததே. எனினும் தேர்வில் எழும் புகை அம்மலையின் புகை. காய்ச்சலோடு எழுதியிருக்கலாம், படித்தது வராமற் போயிருக்கலாம், திருத்தியவர் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கலாம். இத்தனைக்கும் பிறகு அந்தத் தாள் அவள் கையால் எழுதியது. குறைத்து மதிப்பிட்டார்கள் என்று அவள் வழக்குரைக்கும்போது சுட்டிக்காட்ட ஒரு தாள் உண்டு. பள்ளியின் பழைய பரவலுக்கு எதிராக அவள் எதைக் காட்டுவாள்?

கும்பகோணத்து இராமானுசனை இங்கு நினைக்காமலிருக்க இயலவில்லை. கல்லூரித் தேர்வுகளில் தவறி, பட்டம் இன்றி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராயிருந்தவர் 1913இல் கேம்பிரிட்சுக்கு எழுதிய மடலை ஹார்டி ஏன் பொருட்படுத்தினார்? மடலுக்குள் தேற்றங்கள் இருந்தன; அவற்றை அவர் நோக்கினார். எழுதியவர் எந்நாட்டார், எக்கல்லூரியார், அங்கிருந்து முன்னர் எத்தனை கணித மேதைகள் வந்தனர் என்று பரவல் ஒன்றை வரைந்திருந்தால் விடை சுழியாகவே வந்திருக்கும்.

இரண்டாவது தடை நடைமுறை பற்றியது. அதற்கு நாம் முழு விடை சொல்ல இயலாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆசிரியர் தரங்களையே ஏற்றதன் விளைவு என்ன? 2019இல் 'ஏ' அல்லது அதற்கு மேற்பட்ட தரங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2020இல் அவை 38 விழுக்காட்டளவுக்கு ஏறின. முந்தைய ஆண்டில் உழைத்துத் தேர்வெழுதிப் பெற்ற தரத்தின் மதிப்பு அவ்வளவுக்குக் குறைந்ததன்றோ? ஆணையம் அஞ்சியது வீண் அச்சமன்று. ஓராண்டு மாணவர்க்கும் மற்றோராண்டு மாணவர்க்குமிடையே நடுவுநிலை காப்பதும் ஓர் அறமே. அவ்வறத்தைக் காக்க, வறிய பள்ளியின் முதல் மாணவியை விலையாகக் கொடுத்தனர் என்பதுதான் நம் வருத்தம். மொத்தத்தில் நேர்மையான ஒரு பரவலைப் பெறுவதற்காக ஒருவரிடம் நேர்மையற்று நடக்கலாமா என்று கேட்டால், நாம் ஆகாது என்றே சொல்வோம். தரங்கள் மலிவது பலரும் சிறிது சிறிதாகத் தாங்கிக்கொள்ளும் இழப்பு. பதினெட்டு வயதில் கையிலிருந்த பல்கலைக்கழக இடம் நழுவிப்போவது ஒருவரே முழுதும் தாங்கும் இழப்பு.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2021 ஜூன் முதல் நாளன்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு கைவிடப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் பயில்வது இவ்வாரியப் பள்ளிகளில்தான். எழுத்துப் பகுதிக்குப் பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களிலிருந்து 30 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளிலிருந்து 40 என்று வகுத்தனர். இவை அனைத்தும் அப்பிள்ளையே எழுதிய தேர்வுகள் என்பதை நாம் பாராட்ட வேண்டும். ஆனால் அதற்குமேல் ஒரு கடிவாளமும் பூட்டினர். முந்தைய மூன்றாண்டுகளுள் அப்பள்ளி சிறந்து விளங்கிய ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, பாடவாரியான சராசரி அதிலிருந்து ஐந்து மதிப்பெண்ணுக்குள் நிற்க வேண்டும். மொத்தச் சராசரி இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் ஏறக்கூடாது. இங்கும் மூத்தோர் புகை சிறிது கலந்தது. தமிழ்நாடு அவ்வாண்டு பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று மாணவரின் சொந்த மதிப்பெண்களையே கூட்டி முடித்தது. எளிய முறை, வல்லுநர்கள் அதில் நூறு குறை காணலாம், எனினும் ஏது பக்கத்திலேயே நின்றது.

நடுவண் வாரியம், நிறைவு பெறாதோர் பின்னர்த் தேர்வெழுதலாம் என்று வழியும் வைத்தது. ஆனால் எழுதினால் அம்மதிப்பெண்ணே முடிவானது, குறைந்தாலும் பழையது திரும்பாது என்பது விதி. 2022 சனவரி 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கி, இரண்டில் சிறந்ததை மாணவர் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. கணக்கு சொன்னதைக் கேள்விகேட்கத் துணிபவர் தம் கையிலிருப்பதையும் பணயம் வைக்க வேண்டும் என்ற நிலை அத்தீர்ப்பால் நீங்கிற்று.

தொற்று ஓய்ந்து தேர்வுகள் மீண்டன. ஆயினும் ஒருவரின் எண்ணைப் பிறரின் எண்கள் ஆளும் முறை ஓயவில்லை. பொறியியற் கூட்டு நுழைவுத்தேர்வு 2019 முதல் பல அமர்வுகளாக நடைபெறுகின்றது. வினாத்தாள்கள் வேறுவேறாதலின், ஓர் அமர்வில் தம் அளவோ அதற்குக் கீழோ பெற்றவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் வீதமே மாணவரின் மதிப்பு. அதனை ஏழு தசம இடங்கள் வரை கணக்கிட்டுத் தருகின்றனர். ஒவ்வோர் அமர்விலும் திறன் ஒரேவகையாகப் பரவியிருக்கும் என்பது இதன் அடிக்கோள். பெருங்கூட்டத்துக்கு அது பொருந்தும். ஏழாம் தசமத்தில் நிற்கும் பிள்ளைக்கும் பொருந்துமா என்பது வேறு வினா. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையிலோ, பிற வாரியத்தாரின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரிய உச்ச மதிப்பெண்ணுக்கு ஈடாக்கி ஏனையோரை அவ்விகிதத்தில் உயர்த்துவர். மாநிலத்தில் உச்சம் 100, மற்றதில் 95 எனின் 57 பெற்றவர் 60 பெற்றவர் ஆவார். உச்சத்தில் நிற்கும் ஒரே ஒரு பிள்ளை அன்று கூடுதலாக ஒரு வினாவுக்கு விடையளித்திருந்தால் ஆயிரக்கணக்கானோரின் எண்கள் அசைந்திருக்கும். இம்முறைகள் தீயவை என்று நாம் கூறவில்லை. வேறுபட்ட வாரியங்களை ஒரு வரிசையில் நிறுத்த ஏதேனும் ஒரு சூத்திரம் வேண்டியதே. இவை முன்னரே அறிவிக்கப்பட்டவை. அடியில் மாணவரின் சொந்தத் தாளும் இருக்கின்றது. எனினும் 99.1234567 என்று ஓர் எண் வரும்போது, அதில் எவ்வளவு பிள்ளையினுடையது, எவ்வளவு கூட்டத்தினுடையது என்று கேட்கப் பெற்றோர்க்கேனும் தெரிந்திருத்தல் நலம்.

இது நம்மைக் கணிதக் கல்வியிடம் கொண்டுவந்து விடுகின்றது. பள்ளிகளில் சராசரியும் நிகழ்தகவும் கற்பிக்கின்றனர். இப்போது கணிப்பொறி நெறிகளும் கற்பிக்கின்றனர். விடையைக் கண்டுபிடிப்பதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. விடை யாரைப் பற்றிப் பேசுகின்றது என்பது தேர்வுக்கு வராத பகுதி. பின்னாளில் இப்பிள்ளைகளே வங்கியில் கடன் விண்ணப்பங்களைத் தரம்பிரிப்பர். காப்பீட்டுக் கட்டணம் குறிப்பர். வேலைக்கு வருவோரைச் சல்லடையிடும் நெறிகளை எழுதுவர். 'கணிப்பொறி சொல்லிவிட்டது' என்னும் வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு நம் தலைமுறைக்கு இருந்ததைவிடப் பன்மடங்கு மிகுதி. 2020இல் இங்கிலாந்தில் முதலில் வகுத்த விதிப்படி, தரத்தை எதிர்த்து மாணவர் நேரே முறையிடவும் இயலாது. பள்ளி வழியாகவே முறையிட வேண்டும். பரவலுக்குப் பள்ளியைத் தெரியும், மாணவரைத் தெரியாது.

ஆதலின் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கணக்கை முன்வைக்கின்றோம். ஒரு பள்ளியில் சென்ற மூன்றாண்டுகளில் கணிதத் தேர்வு எழுதியோர் 120 பேர். 90க்கு மேல் பெற்றோர் ஒருவருமிலர். இவ்வாண்டு அப்பள்ளியில் பயிலும் ஒரு மாணவி 90க்கு மேல் பெறுவதற்கான நிகழ்தகவு யாது? இதற்கு விடை எழுதியபின் மாணவர்கள் அடுத்த கிளைவினாவையும் எழுதட்டும்: மேற்கண்ட வினாவில் அம்மாணவியைப் பற்றித் தரப்பட்டுள்ள செய்திகள் எவை?